தொற்று ஓய்ந்த பின்னர்: கொள்ளைநோய் வரலாற்றில் நரம்புத் தொகுதியின் இடம்

1. தோற்றுவாய்

கொள்ளைநோய்களின் வரலாறு பெரும்பாலும் இரண்டு திகதிகளையும் ஒரு தொகையையும் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. நோய் தோன்றிய நாள், நோய் தணிந்த நாள், இவ்விரண்டுக்குமிடையே மாண்டோரின் தொகை ஆகியனவே அவை. இவ்வாறு எழுதப்படும் வரலாற்றில் நோயுற்றுப் பிழைத்தோருக்கு இடமில்லை. குணமடைந்தோர் என்ற ஒரு சொல்லுடன் அவர்கள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டுவிடுகின்றனர். ஆயின், பிழைத்தோர் யாவரும் தமது பழைய நிலைக்கு மீண்டனரா என்று வினவுவோமாயின், மேற்கூறிய திகதிகளும் தொகையும் அதற்கு விடையளிக்கப் போதாதன என்பது புலனாகும்.

2019ஆம் ஆண்டின் இறுதியில் சீனாவின் வூகான் நகரில் வெளிப்பட்ட கொரோனா வைரசு நோய் இவ்வினாவைப் புதுப்பித்தது. உலக சுகாதார தாபனம் 2020 மார்ச் 11ஆம் திகதி அந்நோயை உலகு தழுவிய கொள்ளைநோய் எனக் குறிப்பிட்டது. 2023 மே 5ஆம் திகதி, அதன் பொருட்டு நடைமுறையில் இருந்த சர்வதேச அவசரநிலை முடிவுற்றதாக அறிவித்தது. சுவாசப்பையைத் தாக்கும் நோயென்றே முதலில் அறியப்பட்ட அது, மணம் அறியும் புலனை இழத்தல், பாரிசவாதம், மூளையழற்சி, கைகால்கள் வலுவிழத்தல், மனக்குழப்பம், நினைவு தடுமாறல் முதலான நரம்புத் தொகுதி சார்ந்த குறிகளையும் உடன் கொண்டுவந்தது. அவற்றுட் சில நோயின்போதே தோன்றின. வேறு சில காய்ச்சல் தணிந்து பல கிழமைகள் கழிந்த பின்னரே வெளிப்பட்டன.

இத்தகைய நிலை வரலாற்றுக்குப் புதிதன்று. 1889ஆம் ஆண்டு தொடங்கிய கொள்ளைநோயின் பின்னரும், 1918ஆம் ஆண்டின் இன்புளுவென்சாவை ஒட்டிய காலத்திலும் நரம்பு நோய்கள் பலவற்றை மருத்துவர் கண்டனர். கண்டவற்றைப் பதிந்தும் வைத்தனர். ஆயினும், கொள்ளைநோயின் பின்னர் வந்த நரம்பு நோய் அக்கொள்ளைநோயினாலேதான் வந்ததா என்ற வினா அன்று தீர்க்கப்படவில்லை. இன்றும் முற்றாகத் தீர்ந்தபாடில்லை. பின்னர் வந்தது என்பதும் அதனால் வந்தது என்பதும் ஒன்றல்ல. வரலாற்று மாணவர் முதலாண்டிலேயே கற்கும் இப்பாடத்தை மருத்துவ வரலாறு எத்துணை விலை கொடுத்துக் கற்றது என்பதையும், பிழைத்தோரைப் பின்தொடர்ந்து பதியாதவிடத்து அவ்வினாவுக்கு விடை காணும் வழியே அடைபட்டுப் போகின்றது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. 1889ஆம் ஆண்டின் கொள்ளைநோய்

1889ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ரூசியப் பேரரசின் தலைநகராகிய சென் பீற்றர்சுபேக்கில் பரவிய காய்ச்சல், சில மாதங்களுக்குள் ஐரோப்பாவின் தலைநகர்களையும் அமெரிக்காவையும் அடைந்தது. புகையிரதமும் நீராவிக் கப்பலும் மனிதரின் பயணத்தை விரைவுபடுத்திய காலம் அது. நோயின் பயணமும் அவற்றுடன் விரைவுபட்டது. தந்தி வாயிலாக நோய்ச் செய்தி நோய்க்கு முன்னரே ஊர்களைச் சென்றடைந்தது. "ரூசிய இன்புளுவென்சா" என அழைக்கப்பட்ட இந்நோய் அடுத்த சில ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் தலைதூக்கியது.

இந்நோயின் குறிப்பிடத்தக்க இயல்பு யாதெனில், காய்ச்சல் நீங்கிய பின்னும் நீடித்த நரம்புத் தளர்வாகும். தூக்கமின்மை, நரம்பு வலி, மனச்சோர்வு, சித்தக் கலக்கம், காரணமறியாக் களைப்பு ஆகியவற்றைப் பல நாட்டு மருத்துவரும் எழுதிவைத்தனர். இலண்டனில் தொழில் புரிந்த யேர்மானிய நரம்பு மருத்துவர் யூலியசு ஆல்தவுசு, இன்புளுவென்சாவின் பின்விளைவுகளைத் தனியாகத் தொகுத்து ஆராய்ந்து, அந்நோயின் நஞ்சு நரம்புத் தொகுதியையே சிறப்பாகத் தாக்குகின்றது எனக் கருத்துரைத்தார். வட இத்தாலியில் நோயாளர் ஆழ்ந்த உறக்கத்தில் வீழ்ந்து கிடந்த ஒரு நிலை "நோனா" என்னும் பெயரால் 1890ஆம் ஆண்டளவில் பேசப்பட்டது. அது தனி நோயா, பல நோய்களுக்கு மக்கள் இட்ட பொதுப்பெயரா என்பது அன்றே சர்ச்சைக்குள்ளானது.

பிரித்தானியப் பிரதமர் றோசுபெரிப் பிரபு 1895ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இன்புளுவென்சாவினாற் பீடிக்கப்பட்டார். அதன் பின்னர் அவர் கடுந் தூக்கமின்மையால் வருந்தினார். அவ்வாண்டு யூன் மாதத்தில் அவரது அரசாங்கம் பதவி துறந்தது. நோயே அரசாங்கத்தை வீழ்த்தியது எனச் சுவைபடக் கூறுதல் எளிது. ஆயின், பிளவுபட்ட அமைச்சரவையும் பொதுமக்கள் சபையில் எதிர்பாராது நேர்ந்த வாக்குத் தோல்வியும் அவ்வீழ்ச்சிக்கு உடனடிக் காரணங்களாக அமைந்தன. அன்றியும், றோசுபெரி இயல்பாகவே துயில் குறைந்தவர். எனவே, அவரது தூக்கமின்மையில் நோயின் பங்கு எவ்வளவு, அரசியற் சுமையின் பங்கு எவ்வளவு எனப் பிரித்தறிதல் அரிது. தனியொருவர் வாழ்விலேயே இத்துணைச் சிக்கலானது, பல இலட்சம் மக்களைப் பொறுத்தவரை எத்துணைக் கடினமானதாயிருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

1889ஆம் ஆண்டு நோய் உண்மையில் இன்புளுவென்சாதானா என்பதே இன்று வினாவாகியுள்ளது. மனிதரிடையே சாதாரண தடிமனை உண்டாக்கும் கொரோனா வைரசுகளுள் ஒன்று, மாடுகளைத் தாக்கும் கொரோனா வைரசிலிருந்து 1890ஆம் ஆண்டளவில் பிரிந்திருக்கக்கூடும் எனப் பெல்சிய ஆய்வாளர் 2005ஆம் ஆண்டில் மரபணு ஒப்பீட்டினாற் கணித்தனர். காலப் பொருத்தத்தைக் கொண்டு, அவ்வைரசே ரூசிய இன்புளுவென்சாவுக்குக் காரணமாகலாம் என்ற ஊகம் எழுந்தது. கொரோனா வைரசு நோய் பரவிய 2020ஆம் ஆண்டின் பின்னர் இவ்வூகம் பெரிதும் கவர்ச்சி பெற்றது. எனினும், அக்கால நோயாளரின் இழையங்களிலிருந்து வைரசு இனங்காணப்படும் வரை இது ஊகமேயன்றி முடிபாகாது. கண்ட நரம்புக் குறிகளின் ஒற்றுமையை மட்டும் சான்றாகக் கொள்ளுதல், வினாவையே விடையாகக் கொள்வதற்கு ஒப்பாகும்.

3. வியன்னாவில் உறங்கியோர்

முதலாம் உலகப் போர் நிகழ்ந்துகொண்டிருந்த 1916 - 1917 குளிர்காலத்தில், வியன்னாவின் உளநோய் மருத்துவ நிலையத்துக்கு விந்தையான நோயாளர் சிலர் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் உண்ணும்போதும் உரையாடும்போதும் உறங்கினர். எழுப்பினால் எழுந்து தெளிவாக விடையளித்தனர். விட்டால் மீண்டும் உறங்கினர். பலருக்குக் கண்ணிமைகள் தொங்கின, கண்ணசைவு தடைப்பட்டது. அங்கு பணியாற்றிய கொன்சுதாந்தின் வொன் எக்கொனோமோ இவர்களுக்கு நேர்ந்தது புதியதொரு நோயெனக் கண்டு, 1917ஆம் ஆண்டில் அதனை விவரித்து "உறக்க மூளையழற்சி" எனப் பொருள்படும் பெயரிட்டார். உருமேனியாவிற் பிறந்து திரியெசுத்தில் வளர்ந்த இக்கிரேக்க வமிசத்தவர், தம் இளமையில் தாய் பேசக்கேட்ட "நோனா"வை இந்நோயாளரைக் கண்டபோது நினைவுகூர்ந்தார் என்பர். அதே ஆண்டில் பிரான்சிய இராணுவ மருத்துவர் றெனே குறூசே, போர்முனையிலிருந்து வந்த படையினரிடையே தாம் கண்ட மூளையழற்சி நோயாளர் நாற்பதின்மரைப் பற்றி எழுதினார். எதிரெதிர் அணிகளில் நின்ற இருவர் ஒருவரையொருவர் அறியாது ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுதியமை குறிப்பிடத்தக்கது. அவ்விருவர் கண்டதும் ஒரே நோயா என்பது பிற்காலத்தில் விவாதிக்கப்பட்டது.

எக்கொனோமோ இந்நோயை மூவகைப்படுத்தினார். உறக்கத்தில் ஆழ்த்துவது ஒன்று. ஓய்வின்றிக் கைகால்களை அசையச் செய்து உறக்கத்தைப் பறிப்பது மற்றொன்று. உடலை விறைக்கச் செய்து அசைவையே ஒடுக்குவது மூன்றாவது. இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்த அவர், உறங்கியோரிடத்தில் ஐபோதலமசின் பிற்பகுதியும் நடுமூளையுடன் அது சேரும் இடமும் சிதைவுற்றிருந்ததையும், உறக்கமிழந்தோரிடத்தில் ஐபோதலமசின் முற்பகுதி சிதைவுற்றிருந்ததையும் கண்டார். உறக்கமும் விழிப்பும் மூளையின் குறித்த பகுதிகளால் ஆளப்படுகின்றன என்ற கொள்கைக்கு இது வழிவகுத்தது. பாரிசில் 1919ஆம் ஆண்டு கொன்சுதாந்தின் திரெத்தியக்கோவ் சமர்ப்பித்த ஆய்வேடு, நடுக்குவாத நோயாளரின் நடுமூளையிலுள்ள கருநிறப் பகுதி சிதைவுறுவதை எடுத்துக்காட்டியது. அவர் ஆராய்ந்த மூளைகளுள் உறக்க மூளையழற்சியால் மாண்டோருடையனவும் இருந்தன.

இவ்வாறு ஒரு கொடுநோய் மூளையின் இயல்பை அறிய உதவிற்று. ஆயின், அதன் காரணத்தை மட்டும் அறிய இயலவில்லை.

4. காரணத்தைத் தேடியமை

1918ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய இன்புளுவென்சாவினால் மாண்டோர் ஐந்து கோடிக்கு அண்மித்தோர் என்பது இன்று பெரிதும் எடுத்தாளப்படும் மதிப்பீடு. உறக்க மூளையழற்சி 1917 முதல் 1920களின் பிற்பகுதி வரை பரவியது. காலத்தால் ஒன்றையொன்று தழுவிய இவ்விரு நோய்களையும் தொடர்புபடுத்துவது இயல்பே. இத்தொடர்புக்குச் சார்பான சான்றுகளுட் சிறப்பாகக் கருதப்பட்டது பசுபிக் சமுத்திரத்தின் சமோவாத் தீவுகளிலிருந்து கிடைத்தது.

நியூசிலாந்தின் இராணுவ ஆட்சியிலிருந்த மேற்குச் சமோவாவின் அப்பியாத் துறைமுகத்தை 1918 நவம்பர் 7ஆம் திகதி "தலூனே" என்னும் கப்பல் ஒக்குலாந்திலிருந்து வந்தடைந்தது. நோயாளர் இருந்த அக்கப்பல் தடுத்து வைக்கப்படவில்லை. சில கிழமைகளுள் அத்தீவு மக்களுள் ஐந்தில் ஒரு பங்கினருக்கு மேற்பட்டோர், அதாவது ஏறத்தாழ 8,500 பேர், மாண்டனர். அண்மையிலிருந்த அமெரிக்கச் சமோவாவிலோ, ஆளுநர் யோன் பொயர் கடுமையான தொற்றுத்தடை விதித்தார். அங்கு இன்புளுவென்சாவால் ஒருவரும் மாளவில்லை. ஒரே இன மக்கள், ஒரே சூழல், ஒரே பெருங்கடல். வேறுபட்டவை ஆட்சியாளரின் தீர்மானங்களே. அமெரிக்க ஆய்வாளர்களான றேவன்கோல்ட், போஜ் ஆகிய இருவரும் 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், இன்புளுவென்சாவைத் தொடர்ந்த ஆண்டுகளில் மேற்குச் சமோவாவில் உறக்க மூளையழற்சியால் 79 மரணங்களும் அமெரிக்கச் சமோவாவில் 2 மரணங்களுமே பதியப்பட்டதைச் சுட்டிக்காட்டினர். சியாற்றில் நகரிலும் இன்புளுவென்சா உச்சம் பெற்று ஏறத்தாழ ஓராண்டின் பின் மூளையழற்சி உச்சம் பெற்றதை எடுத்துக்காட்டி, முன்னது பின்னதற்குக் காரணம் என வாதிட்டனர்.

வாதம் வலுவானது. ஆயினும், அதற்கெதிரான சான்றுகளும் எளிதிற் புறக்கணிக்கத்தக்கனவல்ல. முதலாவதாக, வியன்னாவில் எக்கொனோமோவின் நோயாளர் 1918ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்கு முன்னரே நோயுற்றிருந்தனர். எக்கொனோமோ தாமும் இரண்டையும் வெவ்வேறு நோய்களாகவே கருதினார். இரண்டாவதாக, சேமித்து வைக்கப்பட்டிருந்த உறக்க மூளையழற்சி நோயாளரின் மூளை இழையங்களை ஆராய்ந்து 2001ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வில் 1918ஆம் ஆண்டு வைரசின் மரபணுத் தடயம் காணப்படவில்லை. மூன்றாவதாக, 2004ஆம் ஆண்டில், அந்நோயை ஒத்த குறிகளுடன் வந்த புதிய நோயாளர் இருபதின்மரை ஆராய்ந்த பிரித்தானிய மருத்துவர், உடலின் பிறபொருளெதிரிகள் தன் மூளையின் அடித்திரட்டுகளையே தாக்குவதற்கான அறிகுறிகளைக் கண்டனர். வைரசு மூளையினுள் நுழையாமலே, அதனைத் தாக்கக் கிளம்பிய நிர்ப்பீடனம் வழிதவறி மூளையைத் தாக்கியிருக்கலாம் என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

வினா இன்னும் தீரவில்லை. அது தீராமைக்குரிய காரணம் வரலாற்று மாணவருக்கு முக்கியமானது. மனித இன்புளுவென்சா வைரசே 1933ஆம் ஆண்டில்தான் பிரித்தெடுக்கப்பட்டது. அதற்கு முன்னர், ஒரு மூளையழற்சி நோயாளர் இன்புளுவென்சாவுக்கு ஆளானாரா என்பதை அவரது சொல்லையும் மருத்துவரின் ஊகத்தையும் கொண்டே அறிய வேண்டியிருந்தது. வைரசைப் பிரித்தெடுக்கும் முறை கைவந்தபோது உறக்க மூளையழற்சி பெரிதும் மறைந்துவிட்டது. எஞ்சியவை சில மெழுகுத் துண்டங்களும் கண்ணாடித் தகடுகளில் ஒட்டிய இழையங்களும் நோயாளர் பற்றிய குறிப்பேடுகளுமே. நோயை ஆராயும் கருவி வந்தபோது சான்று இல்லை. சான்று இருந்தபோது கருவி இல்லை.

5. குணமடைந்தோர் எனக் கருதப்பட்டோர்

உறக்க மூளையழற்சியின் கொடுமை அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில்தான் முழுமையாக வெளிப்பட்டது. நோயிலிருந்து எழுந்து தொழிலுக்கும் பாடசாலைக்கும் திரும்பியோருட் பலர், சில மாதங்களோ பல ஆண்டுகளோ கழிந்த பின்னர் உடல் விறைத்து, முகபாவம் இழந்து, நடை தளர்ந்து நடுக்குவாத நிலையை அடைந்தனர். சிறுவர் சிலரின் குணமே மாறியது. அடக்கமாக இருந்த பிள்ளைகள் காரணமின்றிச் சீறுவோராகவும் பொய்யுரைப்போராகவும் மாறினர். அவர்கள் தாம் செய்வதைத் தாமே தடுக்க இயலாது வருந்தினர் என்பதையும் மருத்துவர் எழுதிவைத்துள்ளனர். 1920களில் இலண்டனில் இத்தகைய சிறுவருக்கெனத் தனி விடுதியொன்று ஏற்படுத்தப்பட்டது. நோய் மூளைக்கு உரியதா, நடத்தை ஒழுக்கத்துக்கு உரியதா என்ற பழைய எல்லைக்கோட்டினை இச்சிறுவர் கலைத்துவிட்டனர்.

நியூயோர்க்கில், இந்நோய்க்கு ஆளான செல்வந்தர் வில்லியம் மதேசன் வழங்கிய பொருளுதவியுடன் 1927ஆம் ஆண்டு ஆய்வுக்குழு ஒன்று அமைந்தது. அது 1929, 1932, 1939ஆம் ஆண்டுகளில் விரிவான அறிக்கைகளை வெளியிட்டது. அதன் பின்னர் உலகம் இரண்டாவது பெரும்போரில் ஆழ்ந்தது. புதிய நோயாளர் வருவது நின்றதும் ஆய்வும் நின்றது. பழைய நோயாளரோ நெடுங்கால நோயாளர் விடுதிகளின் மூலைகளில் முதுமையெய்தினர்.

அவர்களை மீண்டும் உலகின் கண்முன் நிறுத்தியவர் ஒலிவர் சாக்சு என்னும் நரம்பு மருத்துவர். நியூயோர்க்கின் புறொங்சுப் பகுதியிலுள்ள வைத்தியசாலையொன்றில் 1966ஆம் ஆண்டு பணியேற்ற அவர், அங்கு பல பத்தாண்டுகளாகச் சிலைபோல் இருந்தோருட் பலர் உறக்க மூளையழற்சியிலிருந்து பிழைத்தோர் என அறிந்தார். இதற்கிடையில் வேறொரு திசையில் ஆய்வு முன்னேறியிருந்தது. வியன்னாவில் 1960ஆம் ஆண்டு ஏரிங்கர், ஓர்னிக்கெவிச் ஆகியோர் நடுக்குவாத நோயாளரின் மூளையில் டோபமீன் என்னும் பொருள் மிகக் குறைந்திருப்பதைக் கண்டனர். அவர்கள் ஆராய்ந்த மூளைகளுள் மூளையழற்சியின் பின் நடுக்குவாதமுற்றோருடையனவும் இருந்தன. நோய் முதலில் விவரிக்கப்பட்ட அதே நகரிலேயே அதன் பின்விளைவுக்கான மருந்தின் வழி திறக்கப்பட்டமை வரலாற்றின் தற்செயல்களுள் ஒன்று. உடலில் டோபமீனாக மாறும் எல்-டோபா என்னும் மருந்தினைச் சாக்சு 1969ஆம் ஆண்டு தம் நோயாளருக்கு வழங்கினார். பலர் எழுந்து நடந்தனர், பேசினர், தம் இளமைக்காலச் செய்திகளை நேற்று நிகழ்ந்தனபோல் வினவினர். ஆயின், பலருக்கு அவ்விழிப்பு நீடிக்கவில்லை. மருந்தின் பக்கவிளைவுகள் தோன்றி, விறைப்பும் அடக்கவியலா அசைவுகளும் மாறிமாறி வந்தன. 1973ஆம் ஆண்டு சாக்சு எழுதிய "விழிப்புகள்" எனப் பொருள்படும் நூல் இவர்களது வரலாறாகும்.

இங்கு நாம் மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. 1920களில் நோயுற்று 1969ஆம் ஆண்டில் கண்விழித்த ஒருவரைப் பொறுத்தவரை அக்கொள்ளைநோய் எந்த ஆண்டில் முடிவுற்றது? வரலாற்று நூல்கள் தரும் ஆண்டு அவருக்குப் பொருந்தாது.

6. கொரோனா வைரசும் புதிய சான்றுகளும்

கொரோனா வைரசுகள் என்ற பெயர் 1968ஆம் ஆண்டிலேயே வழக்குக்கு வந்தது. எனினும், அக்குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரசு எலிகளின் மூளையையும் முண்ணாணையும் தாக்கி நரம்புகளின் மேலுறையைச் சிதைப்பதை அமெரிக்க ஆய்வாளர் 1949ஆம் ஆண்டிலேயே விவரித்திருந்தனர். ஆதலின், இவ்வைரசுக் குடும்பத்துக்கும் நரம்புத் தொகுதிக்கும் உள்ள உறவு 2020ஆம் ஆண்டில் முதன்முதலாக அறியப்பட்டதன்று.

வூகான் நகரின் மூன்று வைத்தியசாலைகளில் 2020 தை, மாசி மாதங்களிற் சேர்க்கப்பட்ட 214 நோயாளருள் 78 பேரிடத்தில், அதாவது 36.4 வீதத்தினரிடத்தில், நரம்புத் தொகுதி சார்ந்த குறிகள் காணப்பட்டன. கடும் நோயாளரிடத்தில் அவ்வீதம் மேலும் உயர்ந்திருந்தது. மூளைக் குருதிக்கலன் நோய்களும் நினைவு மயக்கமும் அவர்களிடத்தில் மிகுந்திருந்தன. பிரான்சின் சுத்திராசுபூர் நகரில், தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்த 58 பேருள் 40 பேர் கடும் மனக்கிளர்ச்சியுற்றிருந்தனர். வட இத்தாலியில் ஐவர், தொற்றின் பின்னர் கால்களிலிருந்து மேலேறும் செயலிழப்புக்கு ஆளாயினர். கில்லன், பரே, சுத்ரோல் ஆகிய பிரான்சிய மருத்துவர் 1916ஆம் ஆண்டு போர்வீரர் இருவரிடத்தில் கண்டு விவரித்த நோயே அது. மணம் அறியும் புலனை இழத்தலோ வைத்தியசாலைக்குச் செல்லாத எளிய நோயாளரிடத்தும் பரவலாகக் காணப்பட்டது. பிரித்தானிய அரசு அதனை நோயின் உத்தியோகபூர்வக் குறிகளுள் ஒன்றாக 2020 மே 18ஆம் திகதி சேர்த்துக்கொண்டது.

இவை யாவும் ஒரே வழியில் நிகழ்ந்தனவா? சுவாசப்பை தளர்வதால் மூளைக்கு ஒட்சிசன் குறைதல், குருதி எளிதில் உறைந்து மூளையின் கலன்களை அடைத்தல், நிர்ப்பீடனம் நரம்புகளைத் தாக்குதல், வைரசு நேரடியாக மூளையை அடைதல் என நான்கு வழிகள் ஆராயப்பட்டன. மணப்புலனைப் பொறுத்தவரை, மூக்கின் மேற்பகுதியிலுள்ள நரம்புக் கலங்களைவிட அவற்றைத் தாங்கி நிற்கும் துணைக் கலங்களையே வைரசு பெரிதும் தாக்குகின்றது என்பது தெரியவந்தது. அம்பேக் நகரில், இந்நோயால் மாண்ட 43 பேரின் மூளைகள் ஆராயப்பட்டன. பரிசோதிக்கப்பட்ட 40 மூளைகளுள் 21இல் வைரசின் தடயம் இருந்தது. ஆயின், தடயம் இருந்த மூளைகள் இல்லாதவற்றைவிடக் கூடுதலாகச் சிதைவுற்றிருக்கவில்லை. வைரசு இருக்குமிடமும் சிதைவு நிகழுமிடமும் ஒன்றாதல் வேண்டுமென்பதில்லை என்ற இம்முடிபு, உறக்க மூளையழற்சி பற்றிய பழைய விவாதத்தை நினைவூட்டுகின்றது. 2001ஆம் ஆண்டு ஆய்வாளர் பழைய மூளைகளில் வைரசைக் காணாமை, அவ்வைரசு முற்றிலும் குற்றமற்றது என்பதற்குத் தீர்ந்த சான்றாகாது என்பதும் இதனால் விளங்கும்.

இன்றைய ஆய்வுக்கும் 1920களின் ஆய்வுக்கும் உள்ள பெரும் வேறுபாடு ஒப்பீட்டில் அமைந்துள்ளது. ஒக்சுபோட் ஆய்வாளர் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், நோயிலிருந்து பிழைத்த 236,379 பேரின் மருத்துவப் பதிவுகள், பெரும்பாலும் அமெரிக்காவில் பதியப்பட்டவை, ஆராயப்பட்டன. ஆறு மாதத்துள் அவர்களுள் 33.62 வீதத்தினருக்கு நரம்பு நோயோ உளநோயோ இருந்ததாகப் பதியப்பட்டிருந்தது. இத்தொகை மட்டும் தனித்து நின்றால் அதிலிருந்து பெறத்தக்கது அதிகமில்லை. பெருந்தொகையானோரை எடுத்தால் எக்காலத்திலும் பலர் நோயுற்றிருப்பர். ஆனால், இன்புளுவென்சா நோயாளருடன் ஒப்பிட்டபோது இவர்களுக்கு அவ்வாபத்து 44 வீதம் கூடுதலாகக் காணப்பட்டமையே பொருளுடையது. 2022ஆம் ஆண்டு வெளியான மற்றொரு பிரித்தானிய ஆய்வு இதனினும் ஒரு படி மேற்சென்றது. 51 முதல் 81 வயது வரையிலான 785 பேரின் மூளைகள் தொற்றுக் காலத்துக்கு முன்னரே படம் பிடிக்கப்பட்டிருந்தன. அவர்களுள் 401 பேர் பின்னர் தொற்றுக்கு ஆளாயினர். இரண்டாம் முறை படம் பிடித்தபோது, தொற்றுக்கு ஆளானோரின் மூளையில் மணப்புலனுடன் தொடர்புடைய பகுதிகள் மற்றையோரைவிடச் சற்றுக் கூடுதலாகக் குறைந்திருந்தன. அவர்களுட் பெரும்பாலோர் வைத்தியசாலைக்குச் செல்லாத எளிய நோயாளர். நோய்க்கு முந்திய நிலை பதியப்பட்டிருந்தமையாலேயே பிந்திய நிலையை அளக்க முடிந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. வரலாற்றாசிரியன் எந்நாளும் வேண்டி நிற்கும் சான்று இதுவே.

ஆயினும், நோயாளரைக் கேளாத ஆய்வு முழுமையுறாது. தொற்று நீங்கிய பின்னும் நீடித்த களைப்பையும் சிந்தனைத் தெளிவின்மையையும் முதலில் ஒரு நோய் நிலையாகக் கண்டு பெயரிட்டோர் மருத்துவரல்லர், நோயாளரே. "நெடுங் கோவிட்" எனப் பொருள்படும் பெயரை 2020 மே மாதத்தில் முதன்முதலாகப் பயன்படுத்தியவர் இத்தாலியத் தொல்லியலாளர் ஒருவர். உலக சுகாதார தாபனம் இந்நிலைக்கான வரைவிலக்கணத்தை 2021 ஒக்டோபர் மாதத்திலேயே வெளியிட்டது. இடைப்பட்ட காலத்தில் பலரும் தமது துன்பம் வெறும் மனப்பிரமை என ஒதுக்கப்பட்டதாக முறையிட்டனர். 1890களில் நரம்புத் தளர்ச்சி என்ற பெயரின்கீழ் பலரது துன்பமும் ஆராயப்படாது அடங்கிப்போனதை இது நினைவூட்டும்.

7. பதிவேடு கூறாதவை

1918ஆம் ஆண்டின் இன்புளுவென்சா இலங்கையையும் விட்டுவைக்கவில்லை. கொழும்புத் துறைமுகமும் அதனுடன் புகையிரதப் பாதையால் இணைந்த பகுதிகளும் 1918 ஒக்டோபர் மாதத் தொடக்கத்தில் உச்சநிலையை அடைந்தன. ஏனைய பகுதிகள் 1919 மார்ச் மாதத் தொடக்கத்தில் அந்நிலையை அடைந்தன. குறைந்துபோன பிறப்புகளையும் சேர்த்துக் கணித்தால் நாடு ஏறத்தாழ 307,000 மக்களை, அதாவது குடித்தொகையில் 6.7 வீதத்தினரை, இழந்தது என 2014ஆம் ஆண்டின் ஆய்வொன்று மதிப்பிட்டுள்ளது. குடியேற்றவாத ஆட்சியின் பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் இம்மதிப்பீட்டுக்கு உதவின. ஆனால் இறந்தவரையும் பிறந்தவரையும் மட்டுமே அறிந்த பதிவேட்டுக்கு, பிழைத்தும் பழைய நிலைக்கு மீளாதவரை அறிய வழியில்லை. காய்ச்சலின் பின் வேலைக்குத் திரும்பியும் முன்போல் உழைக்க இயலாதுபோன ஒரு தோட்டத் தொழிலாளியோ கமக்காரரோ இருந்திருப்பின், அவரைப் பற்றிய வரி எந்தப் பத்தியில் எழுதப்பட்டிருக்கும்? அத்தகைய பத்தி அப்பதிவேட்டில் இல்லை. மௌனம் என்பது நிகழ்ச்சியின் இன்மையன்று. சில வேளைகளில் அது வினாவின் இன்மையாகும்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து இரண்டு எச்சரிக்கைகளை நாம் பெறலாம். கொள்ளைநோயின் பின்னர் தோன்றிய நரம்பு நோய் அனைத்தையும் அதன்மீது சுமத்துதல் தவறு. உறக்க மூளையழற்சி அவ்வாறு அவசரமாகத் தீர்க்கப்பட்டிருப்பின், நிர்ப்பீடனம் மூளையைத் தாக்கும் நோய்களைப் பற்றிய தேடல் பின்தங்கியிருக்கும். அதற்கு மாறாக, நிறுவப்படவில்லை என்ற காரணத்தைக் காட்டிப் பிழைத்தோரின் துன்பத்தை இல்லையென மறுத்தலும் தவறே. நிறுவப்படாமை பல வேளைகளில் பதியப்படாமையின் விளைவேயாகும்.

உறக்க மூளையழற்சியைப் போன்றதொரு பரவல் கொரோனா வைரசினைத் தொடர்ந்து இதுவரை காணப்படவில்லை. இது ஆறுதல் தருவது. ஆயின், அன்று நடுக்குவாதம் சிலரிடத்தில் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே வெளிப்பட்டது என்பதை அறிந்தோர், சில ஆண்டுகளின் அமைதியைக் கொண்டு கணக்கை மூடிவிட மாட்டார். பிழைத்தோரைத் தொடர்ந்து கண்காணித்தலும், அவர்தம் கூற்றைப் பதிதலும், இழையங்களையும் குறிப்பேடுகளையும் பேணுதலும் மருத்துவரின் கடமை மட்டுமன்று. ஆவணக் காப்பகங்களின் கடமையும் வரலாற்று மாணவரின் கடமையுமாகும். அக்கடமையில் நாம் தவறுவோமாயின், நாளை இவ்வினாவை எழுப்பும் மாணவருக்கும் இரண்டு திகதிகளும் ஒரு தொகையுமே எஞ்சும்.